முதிய குரலும் இளைய செவியும்

சென்ற பருவத்தில் ஒருநாள், இரவுணவுக்குப் பின் நம் விடுதியின் மேல்மாடத்தில் நிகழ்ந்த உரையாடலொன்றே இக்கட்டுரைக்குக் காரணமாயிற்று. பொருளியல் பயிலும் நண்பரொருவர், நாற்பதும் ஐம்பதும் ஆண்டுகளாகப் பாடிவரும் மேனாட்டு ராக் இசைக்குழுக்கள் இன்னும் மேடையேறுவதைப் பழித்துப் பேசினார். "இளமையிற் பாடியதை முதுமையில் மீண்டும் பாடிப் பொருள் ஈட்டுவது, மணநாளில் உடுத்த பட்டை அறுபதாம் ஆண்டிலும் உடுத்துக்கொண்டு கடைத்தெருவில் நடப்பது போலும்" என்றார். கேட்டோர் நகைத்தனர், யானும் நகைத்தேன். உவமை நன்றாயிருந்தது. ஆயின் உவமை நன்றாயிருப்பதனாலேயே கருத்தும் நன்றாகிவிடாது என்பதை அணியிலக்கணம் பயில்வார் அறிவர். அன்றிரவு யான் மறுமொழி கூறவில்லை. கூறவேண்டிய கடன் எனக்கு நெடுநாளாக உண்டு. அஃது அந்நண்பர்க்குரியதன்று, என் தாய்மாமனுக்குரியது.

மாமா இக்கல்லூரியின் பழைய மாணவர். 1987 முதல் 1990 வரை இங்குக் கணிதம் பயின்று, இப்பொழுது நாம் ஈரத்துணி உலர்த்தும் பழைய கட்டிடத்தின் கீழ்த்தளத்தில் வதிந்தவர். அயர்லாந்து நாட்டு யூ-டூ என்னும் குழுவினரின் 'ஜாஷுவா ட்ரீ' என்னும் இசைத்தட்டு 1987 மார்ச்சு 9-ஆம் நாள் வெளிவந்து உலகெங்கும் பரவிய காலம் அது. அதன் ஒலிநாடாப் படியொன்று, மாணவரொருவரின் உறவினர் கப்பற்பணியிலிருந்து திரும்புங்கால் கொணர்ந்தது, அறைக்கு அறை கைம்மாறிக் கடைசியில் மாமாவினிடம் வந்து தங்கிவிட்டது. (உரியவரிடம் அதனைத் திருப்பித் தந்தீரா என்று வினவினால் மாமா பேச்சை மாற்றிவிடுவார். இவ்வரிகளை அவ்வுரியவர் படிக்க நேர்ந்தால் பொறுத்தருள்வாராக.) அவர் பணி தேடி மும்பைக்குச் சென்றபோது ஒரு பெட்டியும், வேதப்புத்தகமும், அவ்வொலிநாடாவுமே கொண்டு சென்றதாக என் அன்னையார் கூறுவர்.

பின்னர் எங்கள் குடும்பமும் மும்பைக்குச் சென்று, மாமா வீட்டிற்கு இரண்டு தெரு தள்ளிச் சயானிற் குடியேறிற்று. எனவே அவ்விசை எனக்குத் தாலாட்டுப்போல் வந்தது. ஞாயிறுதோறும் ஆலயம் முடிந்து மாமா வீட்டிற் பகலுணவு, உணவுக்குப்பின் ஒலிநாடா. முதற்பக்கம் முடியுமுன் பெரியோர் உறங்கிவிடுவர். மறுபக்கத்தைத் திருப்பியிடும் பணி என்னுடையது.

2019 டிசம்பர் 15-ஆம் நாள் யூ-டூ குழுவினர் முதன்முறையாக இந்தியாவிற் பாடினர். இடம், நவி மும்பையிலுள்ள டி. ஒய். பாட்டீல் விளையாட்டரங்கு. 'ஜாஷுவா ட்ரீ' முழுவதையும் மேடையிற் பாடிக்கொண்டு அவர்கள் மேற்கொண்ட உலகச் சுற்றின் கடைசி நிகழ்ச்சி அதுவே. யான் அப்பொழுது எட்டாம் வகுப்புச் சிறுவன். நாள் ஞாயிறு, அதிலும் திருவருகைக் காலத்து மூன்றாம் ஞாயிறு. மாலையில் ஆலயத்திற் கிறிஸ்து பிறப்புக் கீதங்களுக்கு ஒத்திகை இருந்தது. அன்னையார் முதலில் இசையவில்லை. "முப்பத்திரண்டு ஆண்டு காத்திருந்தேன், அக்கா, ஒரு மாலை தா" என்று மாமா கேட்டார். அவர் தம் தமக்கையை நீ என்று அழைப்பது மனம் நெகிழும்போது மட்டுமே. அன்னையார் இசைந்தார்.

குர்லாவில் வண்டி மாறி நெருல் நிலையத்தில் இறங்கினோம். வழிநெடுக மாமா எனக்கு அவர்கள் வரலாற்றைச் சொல்லிவந்தார். 1976-ஆம் ஆண்டு இலையுதிர்காலத்தில் டப்ளின் நகரத்து மவுண்ட் டெம்பிள் பள்ளியின் அறிவிப்புப் பலகையில் லாரி மல்லன் என்னும் பதினான்கு வயதுச் சிறுவன், இசைக்குழு அமைக்க ஆள் வேண்டும் என்று ஒரு தாள் ஒட்டினான். வந்து சேர்ந்தோருள் போனோ, எட்ஜ், ஆடம் கிளேட்டன் ஆகிய மூவர் நிலைத்தனர். முதற்கூட்டம் மல்லன் வீட்டு அடுக்களையில். அந்நால்வரே நாற்பத்துமூன்று ஆண்டுக்குப் பின்னரும் பிரியாமல் நெருலுக்கு வருகின்றனர் என்பதைச் சொல்லும்போது மாமாவின் குரலில் ஒரு பெருமிதம் இருந்தது. தம் வகுப்புத் தோழர் நால்வரை ஒருங்கே கண்டு எத்தனை ஆண்டாயிற்று என்று எண்ணினார் போலும், சற்றுநேரம் வாளாவிருந்தார்.

நிற்க. நிகழ்ச்சியைச் சொல்வேன்.

மேடைக்குப் பின்னே ஏறத்தாழ 200 அடி அகலமும் 45 அடி உயரமும் உள்ள திரை நின்றது. அதன் நடுவே ஒரு மரத்தின் உருவம் திரைக்கு மேலும் தலைநீட்டியிருந்தது. யோசுவா மரம் என்பது வட அமெரிக்காவின் மோஹாவிப் பாலையில் வளர்வது. கிளைகளை உயர்த்தி நிற்கும் தோற்றத்தால் விவிலியத்து யோசுவாவின் பெயரைப் பெற்றது என்பர். அம்மரத்தின் நிழல் மக்கட்கூட்டத்தின் நடுவே விழுந்தாற்போல ஒரு சிறுமேடை நீண்டிருந்தது. விளக்குகள் அவிந்தன. பெருமேடையில் ஒருவரும் இலர். மல்லன் மட்டும் தனியே நடந்துவந்து அச்சிறுமேடையின் முனையிலிருந்த முழவுத்தொகுதியின் முன் அமர்ந்து, 'சண்டே பிளடி சண்டே' என்னும் பாட்டின் தாளத்தைத் தொடங்கினார். பிறகு ஏனையோர் ஒருவர்பின் ஒருவராக வந்து சேர்ந்தனர். முதற்பாட்டுகளின்போது அப்பெருந்திரை இருண்டே கிடந்தது. நால்வர், ஒரு சிற்றறையளவு இடம், நான்கு கருவி, அவ்வளவே. எங்களுக்கு அவர்கள் விரலளவாகத் தெரிந்தனர். ஆயினும் முழவின் அடி காதிற்குமுன் நெஞ்சில் வந்து விழுந்தது. ஒலிநாடாவில் எத்தனையோ நூறுமுறை கேட்ட பாட்டு உடம்பைத் தொடும் என்பதை அன்றுவரை யான் அறியேன்.

பிறகு அவர்கள் பெருமேடைக்குச் சென்றனர். திரை முழுவதும் செந்நிறமாயிற்று. 'வேர் த ஸ்ட்ரீட்ஸ் ஹேவ் நோ நேம்' என்னும் பாட்டு ஓர்கனின் நெடிய ஒலியுடன் தொடங்குவது. அதனுள்ளிருந்து எட்ஜின் கித்தார் மெல்ல எழும். அவர் ஒருமுறை மீட்டுவதை எதிரொலிக்கருவி சற்றே பிந்தித் திருப்பித் தருகிறது. கை மீட்டுவதும் கருவி திருப்புவதும் ஊடும் பாவுமாக நெய்யப்பட்டு ஒருவர் வாசிப்பு மூவர் வாசிப்பாகக் கேட்கிறது. திரையில் பாலைநிலச் சாலை ஒன்று கறுப்பு வெள்ளைப் படமாக நம்மை நோக்கி ஓடிவந்தது. முன்னாளில் இசைத்தட்டின் உறைக்கு நிழற்படம் எடுத்த ஆன்டன் கார்பைனே அதனையும் படம்பிடித்தவர். அப்பொழுது யான் பாலைத்திணை என்னும் சொல்லை அறியாதவன். இப்பொழுது அகப்பாட்டுகளிற் பாலையைப் பயிலுந்தோறும் என் மனத்திற் கள்ளியும் பருந்தும் தோன்றுமுன் அச்சாலையே தோன்றுகிறது. என் ஆசிரியர் இதனைப் படித்து வருந்தாதிருப்பாராக.

பாட்டுகளையெல்லாம் வரிசையிட்டு உரைக்கப் புகேன். உரைக்க வேண்டியது, வீடு திரும்புங்கால் மாமா கூறியது. நெருல் நிலையத்தின் நடைமேடையில் நின்றுகொண்டு, கூட்டம் இன்னும் பாடிக்கொண்டிருக்க, அவர் மெல்லச் சொன்னார்: "மருமகனே, அவர்கள் வரவில்லை. அவர்கள் பெயர் மட்டும் வந்துபோயிற்று."

யான் திடுக்கிட்டேன். என் காதிற் பாட்டு இன்னும் இரைந்துகொண்டிருந்தது. அவர் சினத்தாற் சொல்லவில்லை. இழவுவீட்டிற் பேசும் குரலிற் சொன்னார். அன்று தொடங்கி அவர் அவ்வொலிநாடாவை இட்டதாக யான் அறியேன். ஞாயிற்றுப் பகலுணவு நிகழ்ந்தது. மறுபக்கம் திருப்பும் பணி ஒழிந்தது. என் நண்பரின் உவமையை யான் நகைத்துத் தள்ள இயலாமைக்குக் காரணம் இதுவே. அதே கருத்தைப் பகடி பேசுவார் ஒருவரிடமிருந்தன்றி, முப்பத்திரண்டு ஆண்டு அன்பு செலுத்திய ஒருவரிடமிருந்து யான் முன்னரே கேட்டிருந்தேன்.

மாமாவின் வழக்கை முதலில் நேர்மையாக எடுத்துரைப்பது முறை. குரல் தளர்ந்துவிட்டது என்பது அவர் முதற்குறை. உச்சத்தை எட்டவேண்டிய இடங்களிற் போனோ ஒலிவாங்கியைக் கூட்டத்தின்பால் நீட்டி மக்களைப் பாடவிட்டார் என்றார். அஃது உண்மை, யானும் கண்டேன். போனோவுக்கு அப்பொழுது ஐம்பத்தொன்பது வயது. அதற்கு முந்திய ஆண்டு, 2018 செப்டம்பர் 1-இல், பெர்லின் நகரில் அவர் பாடத்தொடங்கிச் சில பாட்டுகளிலேயே குரல் அற்றுப்போய் நிகழ்ச்சியை நிறுத்தி, நவம்பரில் மீண்டும் சென்று பாட நேர்ந்தது. இரண்டாவது குறை, திரை. மனிதரைக் காணச் சென்றவர் கண்களைத் திரை கவர்ந்துகொண்டது என்றார். மூன்றாவது, பழைய தட்டொன்றை முதலிலிருந்து முடிவுவரை வரிசை பிறழாது பாடுவது படைப்பன்று, ஒப்புவித்தல் என்றார். நான்காவதை அவர் நெடுநாள் சொல்லவில்லை. பின்னர் அன்னையார் வாயிலாக அறிந்தேன். அவர் எதிர்பார்த்துச் சென்ற பாட்டு அன்று பாடப்படவில்லை.

அப்பாட்டின் பெயர் 'ஃபார்ட்டி', அதாவது நாற்பது. 1983-ஆம் ஆண்டின் 'வார்' என்னும் தட்டில் கடைசியில் உள்ளது. தாவீதின் நாற்பதாம் சங்கீதத்தைத் தழுவியது. எண்பதுகளில் அவர்கள் நிகழ்ச்சிகளை அதனைக் கொண்டே முடிப்பர். ஒருவர் பாடிவிட்டு மேடையை நீங்குவார்; பிறகு மற்றொருவர்; இறுதியில் முழவோர் மட்டும் எஞ்சி, அவரும் எழுந்து செல்வார். மேடை வெறிதான பின்னும் மக்கள் அந்த ஓரடியைப் பாடிக்கொண்டே வெளியேறுவர். விடுதியறையில் இதனைப் பற்றிப் படித்த நாள்முதல், தாமும் ஒருநாள் அவ்வாறு பாடிக்கொண்டு ஓர் அரங்கினின்றும் வெளியேற வேண்டும் என்று மாமா எண்ணியிருந்தார். உளையான சேற்றையும் கன்மலையையும் பற்றி ஆலயத்தில் நாம் கேட்கும் அதே சங்கீதத்தை, வேற்று நாட்டார் பல்லாயிரவர் தெருவிற் பாடுவர் என்னும் செய்தி, ஊரைவிட்டுப் புதிதாய் வந்திருந்த கிறிஸ்தவ இளைஞர் ஒருவர்க்கு என்னவாய் இருந்திருக்கும் என்பதை யான் ஊகிக்கவே முடியும்.

இவற்றுள் எதனையும் யான் பொய்யென்னேன். ஆயினும் மாமாவின் முடிபு பிழை என்பதே என் துணிபு. பெரியோரை மறுத்தெழுதுவது எனக்கு எளிதன்று, இருந்தும் எழுதுகிறேன்.

முதலாவது, மாமா எதனோடு எதனை ஒப்பிட்டார்? அவர் வீட்டு ஒலிநாடாவோடு அன்றிரவுப் பாட்டை ஒப்பிட்டார். அவ்வொலிநாடாவைப் பற்றி யான் பின்னர் ஒன்று கண்டறிந்தேன். கைப்பேசியில் அதே பாட்டுகளைக் கேட்டபோது ஏதோ உறுத்திற்று. நம் ஆலயத்து ஆர்மோனியத்தில் வைத்துப் பார்த்தேன். மாமாவின் ஒலிநாடாவிற் பாட்டு ஏறத்தாழ அரைச்சுரம் தாழ்ந்து ஒலித்ததாக என் செவி நினைவு கூறிற்று. விடுமுறையில் மும்பை சென்று மீண்டும் கேட்டு உறுதி செய்துகொண்டேன். ஆண்டுகள் பல ஓடி நாடா நெகிழ்ந்திருக்கலாம், அன்றிப் பெட்டியின் பொறி தளர்ந்து மெல்லச் சுழன்றிருக்கலாம். எங்ஙனமாயினும், மாமா உயிரென மதித்த அச்சுருதியில் யூ-டூ குழுவினர் அத்தட்டை ஒருநாளும் பதிந்ததில்லை. அவரோடு சேர்ந்து அவருடைய ஒலிநாடாவும் முதுமையுற்றது. நாள்தோறும் சிறிது சிறிதாக முதிர்ந்தமையால் அவர் அதனை உணரவில்லை. அந்நால்வரோ முப்பத்திரண்டு ஆண்டு முதுமையையும் ஓரிரவில் அவர்முன் கொண்டுவந்து நிறுத்தினர். அவர்கள் செய்த குற்றம் அவ்வளவே.

இரண்டாவது, பாட்டு என்பது தட்டில் உறைந்து கிடப்பதன்று. அன்று முதலிற் பாடப்பட்ட 'சண்டே பிளடி சண்டே'யையே எடுத்துக்கொள்க. 1972 சனவரி 30-ஆம் நாள், ஞாயிற்றுக்கிழமை, வட அயர்லாந்தின் டெரி நகரில் ஊர்வலம் சென்ற மக்கள்மேல் பிரித்தானியப் படைஞர் சுட்டதில் 13 பேர் அன்றே மாண்டனர். பதினோராண்டு கழித்து, 1983-இல், இருபது வயதைச் சற்றே கடந்த இளைஞர்கள் அப்பாட்டை வெளியிட்டனர். 1987 நவம்பர் 8-இல் எனிஸ்கிலன் என்னும் ஊரில், போரில் மாண்டோரை நினைவுகூரக் கூடியிருந்தவர்களை அயர்லாந்துக் குடியரசுப் படை என்னும் மறுதரப்பினர் வெடிகுண்டிட்டுக் கொன்றனர். 11 பேர் இறந்தனர். அன்றிரவே அமெரிக்காவின் டென்வர் நகரில் அக்குழுவினர் அதே பாட்டைப் பாடினர். போனோ இடையில் நிறுத்திக் கொலையைப் புரட்சியெனப் புகழ்வாரைச் சினந்து பேசியது 'ரேட்டில் அண்ட் ஹம்' என்னும் 1988-ஆம் ஆண்டுத் திரைப்படத்திற் பதிவாகியுள்ளது. ஒரு தரப்பின் கொடுமையைப் பற்றி எழுதிய பாட்டு, மறு தரப்பின் கொடுமைக்கும் உரியதாயிற்று. 1998 மே 19-இல் பெல்பாஸ்ட் நகரத்து வாட்டர்ஃபிரண்ட் மண்டபத்தில், பகைத்திருந்த இருதரப்புத் தலைவர்களாகிய ஜான் ஹியூமையும் டேவிட் டிரிம்பிளையும் போனோ மேடைக்கு அழைத்து அவர்கள் கைகளைப் பற்றி உயர்த்தினார். மூன்று நாள் கழித்து நிகழ்ந்த வாக்கெடுப்பில் வட அயர்லாந்து மக்கள் 71 விழுக்காட்டினர் பெரிய வெள்ளி உடன்பாட்டை ஏற்றனர். பாட்டினாலே உடன்பாடு வென்றது என்று யான் சொல்லேன். பாடுவோரை அத்துணைப் பெரிதாக்குவது எனக்கு உடன்பாடன்று. 2010-ஆம் ஆண்டில், டெரி நிகழ்ச்சிக்காகப் பிரித்தானியத் தலைமையமைச்சர் நாடாளுமன்றத்தில் மன்னிப்புக் கோரினார். இவ்வளவும் நிகழ்ந்த பிறகு, 2019-இல் நெருலில், தலை நரைத்த மல்லன் அத்தாளத்தை அடிக்கிறார். அவ்வடியில் இவையனைத்தும் உள்ளன. 1983-ஆம் ஆண்டுத் தட்டில் இவை இருத்தல் இயலுமோ?

மூன்றாவது சான்று இன்னும் வலியது. 'ஜாஷுவா ட்ரீ'யில் 'ரெட் ஹில் மைனிங் டவுன்' என்று ஒரு பாட்டுண்டு. 1984-இல் தொடங்கிய பிரித்தானியச் சுரங்கத் தொழிலாளர் வேலைநிறுத்தத்தால் நைந்த குடும்பங்களைப் பற்றியது. 1987-ஆம் ஆண்டுச் சுற்றில் அவர்கள் அதனை மேடையிற் பாடவேயில்லை. இளமையும் வலிமையும் நிறைந்திருந்த அக்காலத்தில் மேடையேறாத பாட்டை, முதன்முறையாக மேடையிற் பாடியது 2017-இல், முப்பது ஆண்டு கழித்து. அவ்வாண்டு திரையில் இரட்சணிய சேனையின் பித்தளைக் குழலிசையினர் சீருடையுடன் நின்று உடன் ஊதும் காட்சியும் இருந்தது. இளைஞரால் ஆகாதது முதியவரால் ஆயிற்று. மாமா "ஒப்புவித்தல்" என்றாரே. ஒருகாலும் மேடையில் ஒலியாத பாட்டை ஒப்புவிப்பது எங்ஙனம்?

அத்தட்டின் கடைசிப் பாட்டைப் பற்றியும் ஒரு சொல். 'மதர்ஸ் ஆஃப் த டிஸப்பியர்ட்' என்பது அர்ஜென்டினா, எல்சல்வதோர் முதலிய நாடுகளில் ஆட்சியாளராற் கவரப்பட்டு மறைந்துபோன மக்களின் தாய்மாரைப் பற்றியது. 1986-இல் போனோ மத்திய அமெரிக்காவிற்குச் சென்று வந்தபின் எழுந்தது. பாட்டு இசைத்தட்டோடு முடிந்துவிடவில்லை. 1998-இல் அக்குழு தென்னமெரிக்காவிற்குச் சென்றபோது அத்தாய்மாரே மேடைமீது வந்து நின்றனர். அன்று நெருலில் அப்பாட்டின்போது என் அருகிலிருந்த இளைஞர் பலர் தின்பண்டம் வாங்கச் சென்றுவிட்டனர். இதனையும் சொல்லவேண்டும். முதல் மூன்று பாட்டுகளுக்கு ஆரவாரித்த கூட்டம் தட்டின் பிற்பகுதியில் தளர்ந்தது. அக்குற்றம் பாடியவர்பால் உள்ளதன்று; பிற்பகுதியை ஒருகாலும் கேளாதவர்பால் உள்ளது. மறுபக்கம் திருப்பும் பணியை எனக்குத் தந்தமைக்காக அப்பொழுது மாமாவுக்கு மனத்துள் நன்றி கூறினேன். அவர் அருகிலேதான் நின்றார், கண்களை மூடியிருந்தார்.

குறை இல்லாமலில்லை. போனோ மிகுதியாகப் பேசுகிறார். ஞாயிறு தோறும் இருவேளை பிரசங்கம் கேட்டு வளர்ந்த எனக்கே அன்று சற்று மிகையாய்த் தோன்றிற்று. நுழைவுச்சீட்டின் விலை எங்களைப்போன்ற குடும்பத்தார் வாங்கத் தக்கதன்று. மாமா எத்தனை மாதம் சேர்த்தாரோ, அத்தையாருக்கே தெரியும். பழம்பெயரை வைத்துப் பொருளீட்டும் வணிகம் இதில் உண்டு என்பதை என் பொருளியல் நண்பர் சொல்லித்தான் யான் அறியவேண்டுவதில்லை. 2023 செப்டம்பர் 29-இல் லாஸ் வேகாஸ் நகரத்தில் 'ஸ்ஃபியர்' என்னும் உருண்டை அரங்கைத் திறந்துவைத்து 2024 மார்ச்சு 2 வரை 40 நிகழ்ச்சிகள் அவர்கள் நடத்தினரே, அங்கு அறுவை மருத்துவத்தினின்றும் தேறிக்கொண்டிருந்த மல்லன் இலர். வேறொருவர் முழவு வாசித்தார். தாள் ஒட்டி அழைத்தவரே இல்லாத குழுவை அக்குழுவென்று யான் கொள்வேனோ? அங்கே என் மனமும் மாமாவின் பக்கம் சாய்கிறது. நால்வருள் ஒருவர் குறைந்தவிடத்து எஞ்சுவது பெயர்தான் என்று அவர் சொன்னால் யான் மறுக்கமாட்டேன். நெருலில் நால்வரும் இருந்தனர்.

இனி, எங்களிருவருக்கும் இடையே மிகக் கடுமையான வேறுபாடு எழுந்த இடத்திற்கு வருகிறேன். நிகழ்ச்சியின் இறுதிப்பகுதியில் சென்னையைச் சேர்ந்த ஏ. ஆர். ரகுமான் மேடையேறினார். அவருடைய பெண்மக்களும் உடன் பாடினர். யூ-டூ குழுவும் ரகுமானும் சேர்ந்து அமைத்து, முந்திய நவம்பரில் வெளியிட்ட 'அகிம்சா' என்னும் பாட்டு அது. அதன் தொடக்கத்தில் திருக்குறளின் சொற்கள் தமிழிலேயே வருகின்றன.

மாமாவுக்கு அது பிடிக்கவில்லை. "வேண்டாத ஒட்டு, வந்த ஊருக்கு முகமன் கூறும் வழக்கம்" என்றார். சொல்லுவதற்கு இடமுண்டு. பாட்டு அவர்களுடைய சிறந்த பாட்டுகளுள் ஒன்றன்று. பழையவற்றின் அருகே வைத்தால் மெலிந்தே தோன்றும். அதனை யானும் ஒப்புகிறேன். ஆனால் அன்று எனக்கு நேர்ந்தது வேறு. மும்பையில் ஆங்கிலப் பள்ளியிற் பயின்ற எனக்குத் தமிழ் என்பது அடுக்களையிலும் ஆலயத்திலும் வழங்கும் மொழி. வீட்டுவாயிலைத் தாண்டினால் மெல்லப் பேசவேண்டிய மொழி. மின்தொடரில் அன்னையார் உரக்கத் தமிழிற் பேசினால் யான் நாணித் தலைகுனிவதுண்டு. அத்தகைய எனக்கு, மராத்தியரும் குசராத்தியரும் பஞ்சாபியரும் நெருங்கி நின்ற அப்பெருங்கூட்டத்தின்மேல், அயர்லாந்தினர் நால்வரின் இசையினூடே, குறட்சொல் பரவிச் சென்றபோது உடம்பு சிலிர்த்தது. அருகில் நின்ற அயலாரொருவர் "இஃது எந்த மொழி?" என்று இந்தியில் வினவினார். "தமிழ், எங்கள் மொழி" என்று யான் உரக்கவே சொன்னேன். பொருளும் கேட்டார். எனக்குச் சொல்லத் தெரியவில்லை.

இதனாலேதான் யான் தமிழ் ஆனர்ஸ் வகுப்பிற் சேர்ந்தேன் என்று எழுதினால் கட்டுரை அழகாயிருக்கும், உண்மையாயிராது. அவ்வகுப்பிற் சேர்ந்ததற்குக் காரணம் பல. கணிதத்தில் யான் பெற்ற மதிப்பெண்ணும் அவற்றுள் ஒன்று. ஆயினும் பொருள் சொல்லத் தெரியாது நின்ற அக்கணம் மறக்கவில்லை. அக்கணத்தை எனக்குத் தந்தவர்கள் முதியவர்கள். அவர்கள் 1987-இலேயே நின்றுவிட்டிருந்தால், மாமாவின் ஒலிநாடா என்றும் போல் இனித்திருக்கும். எனக்கு ஒன்றும் கிட்டியிராது. மாமா தம் இளமையைத் திரும்பப் பெறச் சென்றார். அவர்களிடம் அஃது இல்லை. அவர்களுடைய இளமையே அவர்களிடம் இல்லாதபோது மாமாவினுடையதை எங்ஙனம் தருவர்? யானோ திரும்பப் பெறுதற்கு ஒன்றும் இல்லாதவனாய்ச் சென்றேன். ஆதலின் கொடுத்ததையெல்லாம் பெற்றுக்கொண்டேன்.

விடுதி நண்பரின் மணப்பட்டு உவமைக்கு இப்பொழுது விடை கூறலாம். உடுத்தவர் முதிர்ந்தமையால் பட்டு நகைக்கத்தக்கதாகும் என்றார். எங்கள் வீட்டில் அன்னையாரின் மணப்பட்டு உண்டு. ஆண்டிற்கொருமுறை, மணநாளன்று, அதனை உடுத்தே ஆலயத்திற்கு வருவார். மடிப்புகளில் இழை விட்டுப்போயிற்று. இதுவரை ஒருவரும் நகைத்ததில்லை.

சென்ற கிறிஸ்து பிறப்பு விடுமுறையில் மும்பைக்குச் சென்றிருந்தேன். மாமா ஓய்வுபெற்றுவிட்டார். உணவுக்குப்பின் பேச்சிடையே, அவர்கள் மீண்டும் இந்தியாவிற்கு வந்தால் போவீர்களா என்று கேட்டேன். "எதற்கு?" என்றார். "நாற்பதாம் சங்கீதம் பாக்கி இருக்கிறதே" என்றேன். அவர் சிரித்தார், பிறகு எழுந்து சென்று அலமாரியைத் திறந்து எதையோ நெடுநேரம் தேடினார். ஒலிநாடா அகப்பட்டது, பெட்டி பழுதாகிக் கிடந்தது. அதனைச் செப்பனிடுவார் சயானில் இப்பொழுது எவரும் இலராம். நாடாவை என் கையிற் கொடுத்து, திருநெல்வேலிப் பக்கம் யாரேனும் இருந்தால் பார் என்றார்.

பெட்டியை அடுத்த மாதம் அனுப்புவதாகச் சொல்லியிருக்கிறார். நுழைவுச்சீட்டு இம்முறை என் செலவு என்று எழுதியிருந்தேன். அதற்கு மட்டும் இன்னும் மறுமொழி வரவில்லை.